பழைய புல்லட் புரூஃப் வெஸ்ட்: லேபிள் தேதியைப் பார்ப்பதா, உள்ளே இருக்கும் நூலைப் பார்ப்பதா?

மதுரைக்காரன்_டெக்சாஸ்

வணக்கம் மக்களே. என் தங்கச்சி வீட்டுக்காரர் இங்கே டெக்சாஸில் ஏடிஎம்முக்குப் பணம் நிரப்புகிற வண்டியில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்திருக்கார். கம்பெனி கொடுத்த வெஸ்ட் யாரோ போட்டுக் கழட்டினது. லேபிளில் மாடல் எண், லாட் எண், என்ஐஜே (அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு அமைப்பு) தரநிலை 0101.06, பாதுகாப்பு லெவல் 3ஏ, தயாரிப்பு மார்ச் 2014 என்று இருக்கு. வாரண்டி 5 வருஷம், அது எப்போதோ முடிஞ்சாச்சு. உள்ளே குண்டைத் தாங்குகிற நூல் கெவ்லராம். சூப்பர்வைசரைக் கேட்டால் "கெவ்லர் கெட்டுப்போக அதென்ன பாலா?" என்கிறாராம்.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தப்போ துணி உறையைக் கழட்டி உள் பேனலை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு நைலான் உறைக்குள் பேனலை வைத்து ஓரத்தை வெப்பத்தால் ஒட்டியிருக்காங்க. கீழ் மூலை ரெண்டும் மேல்நோக்கிச் சுருண்டு நிக்குது. இடது அக்குள் பக்கம் அந்த ஒட்டு ஒரு விரல் நீளத்துக்குப் பிரிஞ்சு உள்ளே நெசவு தெரியுது. வெளியே தெரிகிற இடம் தேன் நிறம். கொஞ்சம் விலக்கி அடுத்த அடுக்கைப் பார்த்தால் வெளிர் மஞ்சள். வியர்வை நாத்தம் வேற.

இதைப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லலாமா வேண்டாமா?

சந்தேகப்_பிராணி

5 வருஷம் என்பது விக்கிறவன் கணக்கு தலைவரே. 1980களிலேயே பத்து வருஷம் பழசான கெவ்லர் வெஸ்ட்டை எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்காங்க. வயசு ஆனதால் மட்டும் கெடுவதில்லை என்றுதான் முடிவு வந்தது. அதுக்கப்புறமும் ஏன் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க? யாருக்கு லாபம் என்று யோசிங்க.

ரிடையர்ட்_ஹவில்தார்

நான் சிஆர்பிஎஃப்பில் இருந்தவன். எங்களுக்கெல்லாம் தேதி பார்த்து மாத்துகிற வசதி எங்கே இருந்தது? சத்தீஸ்கர் காட்டில் மழையில் நனைஞ்ச ஜாக்கெட்டை வண்டி பானட் மேல விரிச்சுக் காயப் போட்டு, மறுநாள் அதையே மாட்டிக்கிட்டுப் போவோம். வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கும். அந்த ஜாக்கெட் எல்லாம் உள்ளே எப்படி இருந்ததோ. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

பாலிமர்_பொன்னி

நார்ப் பொருள்கள்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சந்தேகப்பிராணி சொன்ன சோதனை கெவ்லருக்குச் சரி. அந்தத் தைரியத்தில்தான் அடுத்து வந்த நூலையும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அந்த நூலின் பெயர் சைலான். வெஸ்ட் பழசாவதைப் பற்றி இன்று நடைமுறையில் இருக்கிற விதிகள் பெரும்பாலும் அது கொடுத்த அடியிலிருந்து வந்தவை.

சைலானின் வேதிப் பெயரைச் சுருக்கி பிபிஓ என்பார்கள். அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் பிறந்து, டோ கெமிக்கல் கை மாறி, 1998-ல் ஜப்பானின் டொயோபோ நிறுவனம் வணிகமாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. இழுவிசை வலிமை 5.8 ஜிகாபாஸ்கல், கெவ்லரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது குறைந்த அடுக்கிலேயே குண்டு நிற்கும், சட்டைக்குள் போட்டால் வெளியே தெரியாத அளவுக்கு மெல்லிய வெஸ்ட் தைக்கலாம். வெயிலில் பத்து மணி நேரம் நிற்கிற போலீஸ்காரருக்கு வேறென்ன வேண்டும்? மிச்சிகனில் செகண்ட் சான்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. அதன் நிறுவனர் ரிச்சர்ட் டேவிஸ் தன் வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு தன்னைத் தானே சுட்டுக் காட்டி வியாபாரம் செய்தவர். சைலான் வெஸ்ட்டை அவர்கள் ஆயிரக்கணக்கில் விற்றார்கள்.

2001 ஜூலையில் டொயோபோவே தன் வாடிக்கையாளர்களுக்கு, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்த நூல் பலம் இழக்கிறது என்று தெரிவித்தது. விற்பனை தொடர்ந்தது. 2003 ஜூனில் ஒரே மாதத்தில் இரண்டு சம்பவம். கலிபோர்னியாவின் ஓஷன்சைடில் ஒரு போலீஸ்காரர் இறந்தார், பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒருவர் பலத்த காயமடைந்தார். இரண்டிலும் சைலான் வெஸ்ட்டைக் குண்டு துளைத்திருந்தது. ஃபாரஸ்ட் ஹில்ஸ் வெஸ்ட்டில் குண்டு போன இடத்திலிருந்து நூலை உருவி இழுத்துப் பார்த்தபோது, புது வெஸ்ட் நூலைவிட 30 சதவீதம் வரை பலம் குறைந்திருந்தது.

அதன்பின் என்ஐஜே, நாடு முழுக்க போலீசார் போட்டுப் பழகிய 103 சைலான் வெஸ்ட்டுகளை வாங்கிச் சுட்டது. 60-ல் குறைந்தது ஒரு குண்டாவது ஊடுருவிப் போனது. மிச்சமிருந்த 43-லும் பெரும்பாலானவற்றில் குண்டு நின்றாலும், அந்த அடியில் வெஸ்ட்டுக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் விழுந்த குழி 44 மில்லிமீட்டர் வரம்பைத் தாண்டியது. முழுசாகத் தேறியது நாலே நாலு. 2005 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டு, சைலான் வெஸ்ட்டுகளுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டார்கள்.

சந்தேகப்_பிராணி

அப்போ அதுவரைக்கும் டெஸ்டே பண்ணாமலா சான்றிதழ் கொடுத்தாங்க?

பாலிமர்_பொன்னி

பண்ணினார்கள். புது வெஸ்ட்டைப் பண்ணினார்கள். பழைய தரநிலையான 0101.04-ல் தண்ணீர் தெளித்துச் சுடுகிற சோதனையும் இருந்தது. ஆனால் அது நனைந்த வெஸ்ட்டுக்கான சோதனை. ஈரத்தோடும் உடம்புச் சூட்டோடும் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வெஸ்ட் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கெவ்லர் நனைந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் பலவீனம்; தண்ணீர் நூலுக்கும் நூலுக்கும் நடுவே வழுக்கலாகி, குண்டுக்கு வழி விட்டுவிடும். காய்ந்தால் பழையபடி ஆகிவிடும். எல்லா நூலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

மலையேறி

எனக்குப் புரியாதது ஒண்ணு. சைலான் கெவ்லரைவிடத் தண்ணி கம்மியா உறிஞ்சும் என்றுதான் படிச்சிருக்கேன். கம்மியா குடிக்கிற நூல் எப்படி முதலில் கெடும்?

பாலிமர்_பொன்னி

நல்ல கேள்வி. நீங்கள் படித்தது சரிதான். சாதாரண ஈரப்பதத்தில் கெவ்லர் தன் எடையில் 4 முதல் 7 சதவீதம் வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். சைலானில் அது 2 சதவீதம், இன்னொரு ரகத்தில் 0.6 சதவீதம்தான். ஆக, எவ்வளவு தண்ணீர் என்பதில் இல்லை விஷயம். அந்தத் தண்ணீருக்கு உள்ளே யார் துணை என்பதில் இருக்கிறது.

சைலானை நூற்பது பாலிபாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து. தேன் மாதிரிக் கெட்டியான கரைசல், கழுவினால் லேசில் போகாது. எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் பாஸ்பரஸ் நாருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து ஈரம் நுழைந்ததும் அது அமிலமாக வேலை செய்யத் தொடங்கும். நாருக்குள் மிக நுண்ணிய வெற்றிடங்கள் வேறு இருக்கின்றன, ஈரம் உட்கார வசதியாக.

இப்போது மூலக்கூறு. பிபிஓ சங்கிலியில் பென்சாக்சசோல் என்ற வளையம் திரும்பத் திரும்ப வரும். நூலுக்கு விறைப்பைத் தருவதே அந்த வளையம்தான். அமிலமும் தண்ணீரும் சேர்ந்து முதலில் அந்த வளையத்தைத் திறக்கின்றன. திறந்த இடம் ஒரு அமைடு பிணைப்பாகிறது. அந்தக் கட்டத்தில் சங்கிலி இன்னும் அறுவதில்லை. அடுத்த தண்ணீர் மூலக்கூறு அந்த அமைடைத் தாக்கும்போதுதான் அறுகிறது. ஒரு முனையில் கார்பாக்சிலிக் அமிலம் மிஞ்சுவதால் அமிலத்தன்மை இன்னும் கூடுகிறது. நீளச் சங்கிலியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுந்தாலே போதும், இழுவிசை வலிமை விழுந்துவிடும்.

அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகமான நிஸ்ட், சைலான் வெஸ்ட்டுகளை 50 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பழசாக்கிப் பார்த்தது. மூன்று மாதத்துக்குள்ளேயே நூலின் பலம் ஏறக்குறைய 30 சதவீதம் போனது. அதே நூலை ஈரமே இல்லாமல் குழாயில் அடைத்து, அதே போன்ற சூட்டில் வைத்தால் பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. தனிச் சூட்டால் கெடவில்லை, ஈரத்தால்தான் கெட்டது என்று அதோடு சந்தேகம் தீர்ந்தது.

மலையேறி

கெவ்லரும் அமிலத்தில்தானே நூற்கிறாங்க? கந்தக அமிலம்.

பாலிமர்_பொன்னி

ஆமாம். 1965-ல் டியூபான்ட்டில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த அந்தக் குடும்ப நார்களை அடர் கந்தக அமிலத்தில் கரைத்துத்தான் நூற்கிறார்கள். ஆனால் கந்தக அமிலம் தண்ணீரில் சுலபமாகக் கலந்து ஓடிவிடும், மிச்சத்தைக் காரம் சேர்த்துச் சமன் செய்துவிடலாம். கெவ்லர் சேர்ந்த அந்த அராமிடு குடும்பத்தின் அமைடு பிணைப்பும் தண்ணீரில் அறுபடக்கூடியதுதான். அமிலமும் காரமும் இல்லாத நிலையில் வேகம் மிகக் குறைவு, அவ்வளவே.

கெவ்லருக்கு வேறு எதிரிகள் உண்டு. ஒன்று புற ஊதா வெளிச்சம். மதுரைக்காரர் பார்த்த அந்தத் தேன் நிறம் அதுதான். மேல் அடுக்கு வெளிச்சத்தைத் தானே வாங்கிக்கொண்டு கீழ் அடுக்கைக் காப்பாற்றிவிடும், அதனால்தான் உள்ளே வெளிர் மஞ்சளாகவே இருந்திருக்கிறது. இன்னொன்று குளோரின் பிளீச். வியர்வை நாற்றம் போகட்டும் என்று யாராவது பேனலை பிளீச் போட்டு வாஷிங் மெஷினில் தள்ளினால் அன்றைக்கே அந்த வெஸ்ட்டுக்கு விடை கொடுத்துவிடலாம். துணி உறையைத் துவைக்கலாம். பேனலை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

ஹவில்தார் ஐயா, உங்கள் ஜாக்கெட்டுக்கும் இதுவே பதில். நனைந்ததால் நிரந்தரக் கேடு வந்திருக்க வாய்ப்பு குறைவு. பானட் மேல் காயப் போட்டதும், உறை மூடியிருந்தவரை வெளிச்சம் உள்ளே போயிருக்காது. உறை கிழிந்திருந்தால் கதை வேறு.

ரிடையர்ட்_ஹவில்தார்

கிழிஞ்சிருந்ததும் உண்டும்மா. ஒட்டுப் போட்டு வாங்கிக்கிட்டோம். சும்மா சொல்லக் கூடாது, அந்த வெயிட்டுக்கு அதைக் கழட்டி வைக்கிறவன்தான் ஜாஸ்தி. பழசாப் போன ஜாக்கெட்டால் செத்தவனைவிட ஜாக்கெட் போடாமல் செத்தவன் நிறையப் பேர். அதையும் இங்கே எழுதி வைக்கணும்.

மலையேறி

நான் பாறை ஏறுகிறவன். எங்க ஸ்லிங் (பாறையில் மாட்டுகிற நாடா வளையம்) எல்லாம் டைனீமா நார். அதைத் தயாரிக்கிறவங்க, ஒரு தடவைகூடத் தொடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் 10 வருஷத்தில் தூக்கிப் போடு என்கிறாங்க. வெஸ்ட்டிலும் இப்போ டைனீமாதானே நிறைய வருது?

பாலிமர்_பொன்னி

ஆமாம், டைனீமா, ஸ்பெக்ட்ரா இரண்டுமே பாலிஎத்திலீன். அதில் தண்ணீர் கடிக்கிறதுக்கு ஒரு பிணைப்பும் கிடையாது, மிதக்கிற நார் அது. அங்கே வில்லன் சூடும் ஆக்சிஜனும். 150 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உருகிவிடும். அதற்கு வெகு கீழேயே ஆக்சிஜனேற்றம் நடந்து சங்கிலி அறுபடும். நிஸ்ட்டில் 43, 65, 90, 115 டிகிரி என்று நான்கு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். 115-ல் பலம் சீக்கிரமே விழுந்தது, 43-ல் ஆமை வேகம். உடம்புச் சூடு பிரச்சினை இல்லை என்று அர்த்தம். ஆனால் டெக்சாஸ் கோடையில் கார் டிக்கியில் வெஸ்ட்டைப் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் அதை விடச் சொல்லுங்கள்.

சைலான் இன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா 1 காரில் சக்கரம் பிய்த்துக்கொண்டு பறக்காமல் பிடிக்கிற கயிறு சைலான். பந்தயப் படகுகளின் பாய்மரக் கயிற்றிலும் உண்டு, வெளிச்சமும் ஈரமும் படாதபடி உறை போட்டு. கெட்ட நூல் என்று அதைத் திட்டுவதில் நியாயமில்லை. வருஷக்கணக்கில் வியர்க்கிற உடம்பில் ஒட்டிக் கிடப்பதற்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

சந்தேகப்_பிராணி

கம்பெனிக்காரனுக்கு என்ன ஆச்சு? வழக்கம்போல ஒண்ணும் ஆகலையா?

பாலிமர்_பொன்னி

செகண்ட் சான்ஸ் 2004-ல் திவால் மனு போட்டது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் டொயோபோ 2018 மார்ச்சில் 66 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சமரசம் என்பதால் குற்றம் நிரூபணமானதாகச் சட்டப்படி அர்த்தமில்லை. நூல் கெடும் வேகத்தைக் குறைத்துக் காட்டும் தரவுகளை வெளியிட்டார்கள் என்பதுதான் அரசின் குற்றச்சாட்டு. இந்த விவகாரத்தை முதலில் உள்ளிருந்து அம்பலப்படுத்தியவர் செகண்ட் சான்ஸிலேயே ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தவர்.

நமக்கு முக்கியம் அதைவிட வேறொன்று. 2008-ல் வந்த 0101.06 தரநிலையில் வெஸ்ட்டைச் சுடுவதற்கு முன் பழசாக்கும் கட்டம் சேர்க்கப்பட்டது. ஒரு பெரிய உருளைக்குள் பேனல்களைப் போட்டு, 65 டிகிரி சூடு, 80 சதவீத ஈரப்பதம், நிமிஷத்துக்கு 5 சுற்று, 10 நாள் விடாமல் சுற்றுவார்கள். மொத்தம் 72,000 சுற்று. பேனல்கள் புரண்டு மடங்கி ஒன்றோடொன்று மோதி வெளியே வரும்போது வருஷக்கணக்கில் போட்ட வெஸ்ட் மாதிரித் தொளதொள என்றிருக்கும். அதற்கப்புறம் சுடுவார்கள். இது இத்தனை வருஷ உபயோகத்துக்குச் சமம் என்று என்ஐஜே எங்கும் சொல்லவில்லை. சைலான் மாதிரி ஆசாமி இன்னொரு தடவை உள்ளே நுழையாமல் தடுக்கிற வடிகட்டி, அவ்வளவே.

இந்தியாவில் தரநிர்ணய அமைப்பான பிஐஎஸ், 2018-ல் வெஸ்ட்டுக்கென்று ஐஎஸ் 17051 தரநிலையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் நாட்டுக்கென்று ஒரு தரநிலையே இல்லாமல்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

மதுரைக்காரன்_டெக்சாஸ்

நன்றிக்கா, நிறையத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா என் கேள்வி அங்கேயே நிக்குது. மாப்பிள்ளை போடலாமா வேண்டாமா? எங்கேயாவது கொடுத்து டெஸ்ட் பண்ணி வாங்க முடியுமா?

பாலிமர்_பொன்னி

டெஸ்ட் பண்ணலாம் தம்பி, திரும்பி வராது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும், சுட்டால் வெஸ்ட் போச்சு. பெரிய போலீஸ் துறைகள் ஒரே லாட்டில் வாங்கிய நூறில் சிலவற்றைப் பலி கொடுத்து மற்றதைப் பற்றி முடிவெடுக்கும். ஒற்றை வெஸ்ட் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. கண்ணால் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ பலத்தைச் சொல்லவும் முடியாது. 2005-ல் தோற்ற சைலான் வெஸ்ட்டுகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

உங்கள் விஷயத்தில் 2014 தயாரிப்பு, 0101.06 முத்திரை என்றால் சைலான் இல்லை, உருளைச் சோதனையைத் தாண்டிய மாடல். மஞ்சள் நெசவு என்பதால் அராமிடு இருக்கிறது. மற்ற அடுக்குகளில் பாலிஎத்திலீன் கலந்திருக்கலாம், லேபிளில் நூலின் பெயர் போட மாட்டார்கள். மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரித்தவரைக் கேட்டால் சொல்வார்கள். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், வாரண்டி முடிந்த ஒரே காரணத்துக்காக நான் பயப்பட மாட்டேன்.

நான் பயப்படுவது அந்த விரல் நீளப் பிரிசலுக்கும் சுருண்ட மூலைகளுக்கும். உறை பிரிந்துவிட்டால் வெளிச்சம், வியர்வை, ஈரம் எல்லாவற்றுக்கும் கதவு திறந்தாயிற்று. எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூலை சுருண்டால் அந்த இடத்தில் பேனல் உடம்பை மூடாது. இந்த இரண்டுக்காக அந்த வெஸ்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வேன்.

சந்தேகப்_பிராணி

அக்கா சொன்ன வேதியியலை அந்தச் சூப்பர்வைசரிடம் சொன்னால் கொட்டாவி விடுவான். அவனுக்குப் புரிகிற பாஷை தேதியும் வாரண்டியும்தான். "வாரண்டி முடிஞ்ச வெஸ்ட்டைக் கொடுத்திருக்கீங்க, ஏதாவது ஆனா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் கேப்பான்" என்று மெயில் போடச் சொல்லுங்க. வாயால் கேட்க வேண்டாம். பிரிசலை ஃபோட்டோ எடுத்து அதே மெயிலில் கோர்த்து விடுங்க. 5 வருஷக் கணக்கை நான் இன்னமும் நம்பவில்லை, ஆனா வேலை ஆகணும்னா அதைப் பிடிச்சுத்தான் இழுக்கணும்.

பாலிமர்_பொன்னி

இதில் உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. புது வெஸ்ட் வரும்வரை என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள் தம்பி. பழையதைப் போடாமல் போவதைவிடப் போட்டுக்கொண்டு போவது மேல். என்ஐஜேயும் அப்படித்தான் சொன்னது, சைலான் விஷயத்திலேயே.

மதுரைக்காரன்_டெக்சாஸ்

மெயில் போயாச்சு. ஃபோட்டோவோடு. பதில் வந்ததும் இங்கே போடறேன். புதுசு கொடுத்தால் பழசை வீட்டிலேயே வச்சுக்கலாமா என்று மாப்பிள்ளை கேக்கறார், காருக்குள்ள போட்டு வைக்க.

ரிடையர்ட்_ஹவில்தார்

வேண்டாம் தம்பி. வீட்டில் கிடந்தால் நாளைக்கு யாராவது விலைக்குக் கேப்பாங்க, கொடுத்துடுவீங்க. அவன் அதை நம்பி மாட்டிக்குவான்.

பாலிமர்_பொன்னி

ஐயா சொல்வதுதான் சரி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய அராமிடு பேனல்களை வாங்கி, வெட்டிப் பஞ்சு போலக் கூழாக்கி, பிரேக் பேடுக்கும் கேஸ்கெட்டுக்கும் கலக்கிற தொழிற்சாலைகள் இருக்கின்றன. குண்டை நிறுத்த உதவாத நூல் பிரேக் பேடுக்குத் தாராளமாகப் போதும்.